வருமான வரம்பு 1,255 டாலர்... 3,800 டாலர் வருமானம் உள்ள இலங்கைக்கு உலக வங்கியின் சலுகைக் கடன் கிடைத்தது எப்படி?

இலங்கையை 'குறைந்த வருமான நாடு' என்று வகைப்படுத்தக் கேட்க, அந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததாக 2022 அக்டோபரில் செய்தி வந்தது. 'அப்போ இலங்கை இனிமேல் ஏழை நாடா?' என்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால், இலங்கைக்குத் தேவைப்பட்டது அந்தப் பெயர் இல்லை. குறைந்த வட்டிக் கடன்தான்.

இரண்டு கல்லாப்பெட்டிகள்

உலக வங்கியில் அரசுகளுக்குக் கடன் கொடுக்க இரண்டு பிரிவுகள் உள்ளன. ஐபிஆர்டி என்ற பிரிவு சந்தையில் பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டி, பெரும்பாலும் நடுத்தர வருமான நாடுகளுக்குக் கடன் கொடுக்கிறது. 1960-ல் தொடங்கப்பட்ட ஐடிஏ, அதாவது சர்வதேச மேம்பாட்டுச் சங்கம், ஏழை நாடுகளுக்கானது. உறுப்பு நாடுகள் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதற்கு நிதி போடுகின்றன. வட்டியே இல்லை, அல்லது மிகக் குறைவு. திருப்பிக் கட்ட 30 முதல் 40 ஆண்டுகள் அவகாசம். முதல் சில ஆண்டுகளுக்கு அசலைத் தொடவே வேண்டாம். கடனில் மூழ்கும் ஆபத்து அதிகம் உள்ள நாடுகளுக்கு மானியமாகவே பணம் கிடைக்கும்.

யாருக்கெல்லாம் கிடைக்கும்?

முதலில் பார்ப்பது தனிநபர் வருமானத்தை. இதற்கான வரம்பு ஆண்டுதோறும் மாறும். இலங்கை கேட்ட சமயத்தில் அது 1,255 டாலர். இலங்கையின் வருமானமோ சுமார் 3,800 டாலர், மூன்று மடங்கு! சாதாரணமாக இங்கேயே கதவு மூடியிருக்க வேண்டும்.

அடுத்து பார்ப்பது, வேறு இடத்தில் கடன் வாங்கும் தகுதி அந்த நாட்டுக்கு இருக்கிறதா என்பதை. வருமானம் வரம்பைத் தாண்டினாலும், ஐபிஆர்டியிடம் வாங்கும் அளவுக்கு நம்பகத்தன்மை இல்லாத நாட்டுக்கு ஐடிஏ உதவலாம். சிறிய தீவு நாடுகளுக்குத் தனி விலக்கும் உண்டு. தனிநபர் வருமானம் 10,000 டாலரைத் தாண்டிய மாலத்தீவுக்கும் ஐடிஏ தகுதி இருப்பது இதனால்தான்.

இலங்கை எங்கே சறுக்கியது?

வருமானம் உயர்ந்ததால் 2017-ல் ஐடிஏவில் இருந்து வெளியேறிய நாடு இலங்கை. கேட்க நல்ல செய்திதான். ஆனால், நாடு வளர வளர மலிவான கடன் குறையும், சந்தைக் கடன் கூடும். 2007-ல் இலங்கை முதன்முதலாக வெளிநாட்டுச் சந்தையில் பத்திரம் விற்று 50 கோடி டாலர் வாங்கியது. வட்டி 8.25 சதவீதம், தவணைக் காலம் வெறும் 5 ஆண்டுகள். ஐடிஏவின் 30 ஆண்டுகளோடு ஒப்பிட்டால் சுமை புரியும். அதன் பிறகும் இப்படிப் பத்திரங்கள் தொடர்ந்தன.

2022 ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. டாலர் கையிருப்பு கிட்டத்தட்ட காலி. எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. சந்தையில் யாரும் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. இந்த நிலைமைதான் ஐடிஏ கதவைத் திறந்தது.

2022 டிசம்பரில் உலக வங்கி ஒப்புதல் கொடுத்தது. அப்போதும் இலங்கை 'கீழ் நடுத்தர வருமான நாடு' பட்டியலிலேயே இருந்தது. அந்தப் பட்டியல் வேறு, கடன் தகுதி வேறு. 2023 ஜூனில் 70 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் 50 கோடி பட்ஜெட் ஆதரவுக்கு, 20 கோடி ஏழைக் குடும்பங்களுக்கான நலத்திட்டங்களுக்கு.

இந்தியாவும் நீண்டகாலம் ஐடிஏவில் கடன் வாங்கிய நாடுதான். 2014-ல் வெளியேறியது. பிறகு நிதி கொடுக்கும் பக்கத்துக்கும் வந்துவிட்டது.

வெளியே போன நாடு திரும்பி வருவது இது முதல்முறை இல்லை. 1980-ல் வெளியேறிய இந்தோனேசியா, ஆசிய நிதி நெருக்கடியில் அடிபட்டு 1999-ல் திரும்பி வந்தது. மறுபடியும் வெளியேற அதற்கு 2008 வரை ஆனது.