உழவாரப்பணி

உழவாரப்பணி என்பது பழங்கோயில்களில் மண்டியுள்ள புல், செடி, முள் ஆகியவற்றைச் செதுக்கி அகற்றி, வளாகத்தையும் திருக்குளத்தையும் தூய்மை செய்யும் தொண்டு ஆகும். இதனைச் செய்வோர் கூலி பெறுவதில்லை. தமிழ்நாட்டில் விடுமுறை நாட்களில் குழுக்களாகக் கூடி, வழிபாடு குன்றிய சிற்றூர்க் கோயில்களுக்குச் சென்று இப்பணியைச் செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. சமயத் தொண்டாகத் தோன்றிய இது, வரலாற்றுச் சின்னங்களைப் பொதுமக்களே பேணும் முயற்சியாகவும் இன்று கருதப்படுகின்றது. ஆயினும் தூய்மை செய்வதும் சின்னத்தைக் காப்பதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. கல்வெட்டுகள் நிறைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கோயில்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

பெயரும் தோற்றமும்

உழவாரம் என்பது நீண்ட மரக்காம்பின் நுனியில் தட்டையான இரும்பு அலகு பொருத்தப்பட்ட, புல் செதுக்கும் கருவியாகும். உழவாரப்படை என்றும் இது வழங்கும். இங்குப் படை என்பது கருவி எனப் பொருள்படும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் ஊர்தோறும் சென்று இக்கருவியால் கோயில்களைச் செப்பனிட்டதாகப் பெரியபுராணம் கூறுகின்றது. கோயில்களில் உள்ள அவரது படிமங்களைத் தோளில் சாய்ந்த உழவாரத்தைக் கொண்டே எளிதில் அடையாளம் காணலாம். அவருடைய தமக்கையார் திலகவதியாரும் திருவதிகைக் கோயிலில் அலகிடுதல், மெழுகுதல் ஆகிய பணிகளைச் செய்துவந்தவர். திருப்புகலூரில் நாவுக்கரசர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியதாகவும், அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்ததாகவும் சேக்கிழார் குறிப்பிடுகின்றார். இத்தொண்டு கைம்மாறு கருதாதது என்பதற்கு இக்கதை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

முன்னைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் 2001 இல் தனி மாவட்டமாகி, 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 இல் மறுபடியும் தனி மாவட்டமானது. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி, காமரசவல்லி, கோவிந்தபுத்தூர் முதலிய ஊர்களும், சற்று வடக்கே பழுவூரும், கிழக்கே கங்கைகொண்ட சோழபுரமும், பெரம்பலூர் பகுதியில் வாலிகண்டபுரமும் சோழர்காலக் கோயில்களைக் கொண்டவை.

இவற்றுள் பழுவூர் தனித்துக் குறிப்பிடத்தக்கது. சோழருக்கு உட்பட்டு இப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர்களைக் கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தால் தமிழர் பலரும் அறிவர். ஆனால் அவர்களுடைய உண்மை வரலாறு பெரும்பாலும் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் கோயில்களின் கல்வெட்டுகளிலிருந்தே பெறப்பட்டது. கண் மருத்துவரான இரா. கலைக்கோவன் இயக்குநராக உள்ள டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்று ஆய்வு மையத்தினர் இக்கோயில்களை நேரில் ஆய்ந்து பழுவூர்ப் புதையல்கள் என்னும் நூலை வெளியிட்டுள்ளனர். அச்சுவர்களில் ஒரு வரி அழிந்தாலும் அதனை ஈடுசெய்ய வேறு ஆவணம் இல்லை.

செடிகளும் மண்ணும்

பறவைகளின் எச்சத்தில் உள்ள அரசு, ஆல் வித்துகள் விமானத்தின் செங்கல் இடுக்குகளில் முளைக்கின்றன. வேர் பருக்கப் பருக்கச் செங்கற்கள் விலகும். விரிசலில் மழைநீர் இறங்கும். செடி சிறிதாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் பெருஞ்செலவு தவிர்க்கப்படும். ஆண்டுக்கு இருமுறை வந்து போகும் தன்னார்வலர் குழு ஒன்று, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் திருப்பணியைவிட மிகுந்த பயன் தரக்கூடியது இதனாலேயே. ஆனால் வேரூன்றிய மரத்தைக் கயிறு கட்டி இழுத்தல் கூடாது. சுவரும் உடன் பெயர்ந்துவிடும். தண்டை வெட்டி, அடிக்கட்டையில் மருந்திட்டு, வேர் மடிந்த பின்னரே பிளவைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலையாகும்.

கோயிலைச் சுற்றி மண் மேடிட்டுத் தாங்குதளம் புதைந்துபோதல் மற்றொரு கேடு. கல்வெட்டுகள் பலவும் தாங்குதளத்தின் குமுதம், பட்டிகை போன்ற உறுப்புகளில் பொறிக்கப்படுவதால், மண்ணை அகற்றும்போது முன்பு படிக்கப்படாத எழுத்துகள் வெளிப்படுவதுண்டு. அவ்வாறு வெளிப்பட்டவற்றைக் கம்பியால் சுரண்டாமல் மென்மையான தூரிகையால் துடைத்து, தொல்லியலாளருக்குத் தெரிவிப்பதே முறை.

திருமழபாடியும் கங்கைகொண்ட சோழபுரமும்

கல்வெட்டைக் காக்க வேண்டும் என்னும் உணர்வு இக்காலத்தில் மட்டும் தோன்றியதன்று. திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தனது 28 ஆம் ஆட்சியாண்டில் (1013 அளவில்) ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் அங்கிருந்த கல்வெட்டுகள் அனைத்தும் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. பின்னர் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இச்செய்தியும் அக்கோயிலின் கல்வெட்டாலேயே அறியப்படுகின்றது.

இதற்கு நேர்மாறானது கங்கைகொண்ட சோழபுரத்தில் நிகழ்ந்தது. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, இக்கோயிலின் மதிலிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஊர்மக்கள் தடுக்க முயன்று தண்டிக்கப்பட்டதையும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாகக் கூறிய வாக்குறுதி நிறைவேற்றப்படாததையும் அந்நூற்றாண்டின் ஆங்கிலக் குறிப்பு ஒன்றே பதிவு செய்துள்ளது. தன்னார்வப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் பெயர் தெரியாத அம்மக்களையும் அதில் சேர்த்தல் தகும். இக்கோயில் 2004 இல் உலக மரபுரிமைக் களமாக ஏற்கப்பட்டது.

நல்லெண்ணத்தால் நேரும் கேடுகள்

சுவரைப் புதிதுபோல் ஆக்கும் ஆர்வமே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாகின்றது. அழுத்தக் காற்றுடன் மணலைப் பாய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்யும் முறை எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லின் மேற்பரப்பையும் அரித்துவிடும்; எழுத்தின் ஆழம் குறைந்து, சிற்பத்தின் நுண்ணிய வேலைப்பாடு மழுங்கும். தமிழ்நாட்டின் பல கோயில்கள் இவ்வாறு பாழ்பட்ட பின்னரே இம்முறைக்குத் தடை விதிக்கப்பட்டது. எனாமல் வண்ணம் பூசுதலும் தீங்கானது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற இயலாமல் செங்கல் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமெண்ட் ஆலைகள் மிகுந்த அரியலூரில், அதன் பழங்கோயில்களுக்கு மட்டும் சிமெண்ட் ஒவ்வாததாக இருப்பது வியப்பே.

இச்சிக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கும் பெயரில் சுவர்கள் சுரண்டப்பட்டபோது, அதனை எதிர்த்து வில்லியம் மோரிசும் நண்பர்களும் 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தைத் தோற்றுவித்தனர். சுரண்டல் எதிர்ப்பாளர் என்ற பொருளுடைய பட்டப்பெயரால் அக்கழகம் அழைக்கப்பட்டது. மீட்டெடுத்தலைவிட நாள்தோறும் பேணுதலே சிறந்தது என்பது அதன் கொள்கை.

அனுமதி

இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களில் உழவாரப்பணி செய்யக் கோயில் நிருவாகத்தின் இசைவைப் பெற வேண்டும். பெருக்குதல், தரையில் உள்ள புல்லைச் செதுக்குதல், குளத்தில் குப்பை அள்ளுதல் போன்றவற்றையே தன்னார்வலர் பொதுவாக மேற்கொள்கின்றனர். கங்கைகொண்ட சோழபுரம் போன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பொருந்தும். அங்கு அத்துறையின் அனுமதியின்றிச் சுவரையோ சிற்பத்தையோ மாற்றுவதும் சிதைப்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும்.