யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஓவியங்களும் ஒளிப்படங்களும்

யோசெமிட்டி பள்ளத்தாக்கு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியேரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ளது. செங்குத்தான கருங்கற் பாறைகளுக்கும் உயரமான அருவிகளுக்கும் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட ஓவியங்களும் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களும் இதன் அழகைத் தொலைவில் வாழ்ந்த மக்களுக்கு அறிமுகப்படுத்தின. இப்பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டம் உருவாகவும் இவை துணைபுரிந்ததாகக் கருதப்படுகிறது.

தொடக்க காலம்

தாமஸ் அயர்ஸ் என்பவர் 1855இல் இங்கு வந்து படங்கள் வரைந்தார். சார்லஸ் வீட் 1859இல் முதல் ஒளிப்படங்களை எடுத்தார்.

வாட்கின்ஸின் ஒளிப்படங்கள்

கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் ஏறத்தாழ 18 × 22 அங்குல அளவுள்ள கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்திப் படமெடுத்தார். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவது கடினமாக இருந்ததால், பெரிய படத்துக்குப் பெரிய தகடே தேவைப்பட்டது. தகட்டில் வேதிக்கரைசலைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் உருத்துலக்க வேண்டும். இத்தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்தமையால், படங்களில் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே தோன்றும்.

பியர்ஸ்டாட்டின் ஓவியங்கள்

ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1863இல் பள்ளத்தாக்கிலேயே சிறு வரைவுகளைத் தீட்டி, பின்னர் தமது ஓவியக்கூடத்தில் அவற்றைப் பேரோவியங்களாக்கினார். 1865ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது ஓவியமொன்று ஏறத்தாழ 8 அடி அகலமுடையது. அதில் பள்ளத்தாக்கு முழுவதும் பொன்னிற ஒளியில் திளைக்கிறது. ஒளிப்படத்தில் இயலாத வண்ணத்தையும் வானத்தையும் ஓவியர் தம் விருப்பப்படி அமைக்க முடிந்தது.

பாதுகாப்பு

1864 சூன் 30 அன்று குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் இப்பள்ளத்தாக்கைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென கலிபோர்னியாவிடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். இதனைச் சூழ்ந்த பகுதி 1890இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பள்ளத்தாக்கு 1906இல் அதனுடன் இணைந்தது.

ஆன்செல் ஆடம்ஸ்

1927இல் ஆன்செல் ஆடம்ஸ் 'ஆஃப் டோம்' பாறையைத் தம்மிடம் எஞ்சியிருந்த கடைசித் தகட்டில் படமெடுத்தார். சிவப்பு வடிகட்டி நீல வானத்தைக் கருமையாக்கியதால், பாறை மேலும் கம்பீரமாகத் தோன்றியது. கண்ட காட்சியை மட்டுமன்றி உணர்ந்ததையும் படத்தில் கொணர இம்முறை உதவியது.

படங்களில் இடம்பெறாதவை

இப்படங்கள் பலவற்றில் பள்ளத்தாக்கு மனிதர் வாழாத நிலமாகத் தோன்றுகிறது. ஆனால் இது அவானீச்சி பழங்குடியினரின் வாழிடமாகும். 1851இல் ஆயுதப்படை ஒன்று இவர்களை வெளியேற்ற முற்பட்டு, ஊர்களை எரித்தது. கலைஞர்கள் வியந்த திறந்த புல்வெளிகள் அம்மக்கள் காலந்தோறும் தீயிட்டுப் பேணியவை. அவ்வழக்கம் நின்றபின் அங்கு மரங்கள் அடர்ந்தன. இம்மாற்றத்தை அறிய, வாட்கின்ஸ் காலத்துப் படங்கள் இன்று சான்றாகப் பயன்படுகின்றன.