டை இல்லாமல், குழாய் இல்லாமல் பித்தநாளம் தெரியும்

குழந்தைக்கு விட்டுவிட்டு வயிற்றுவலி. கண்ணில் லேசாக மஞ்சள். இரண்டு நாளில் அது தெளிந்துவிட, காமாலை வந்துபோனது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால், பித்தநாளம் பிறவியிலேயே வீங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டாக்டர்கள் இதைக் கொலிடோக்கல் சிஸ்ட் என்பார்கள். ஜப்பான் உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு கூடுதல்.

பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலின் சுவருக்குள் சேர வேண்டும். இந்த வீக்கம் உள்ளவர்களில் பலருக்கு அவை சுவருக்கு வெளியிலேயே சேர்ந்துவிடுகின்றன. அங்கே தடுக்கும் தசை கிடையாது. கணையநீர் பித்தநாளத்துக்குள் ஏறி, சுவரைப் புண்ணாக்கி விரியச் செய்கிறது என்று 1969-இல் டாக்டர் பாபிட் விளக்கினார். அப்படியே விட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம். அதனால்தான் வீங்கிய பகுதியையே வெட்டியெடுக்கிறார்கள்.

வெட்டுவதற்கு முன் வரைபடம் வேண்டும். முன்பு அதற்கு ஈஆர்சிபிதான் வழி: வாய் வழியே குழாய் விட்டு, நாளத்துக்குள் டை செலுத்தி, எக்ஸ்ரே எடுப்பார்கள். அதனாலேயே சிலருக்குக் கணையம் அழன்றுவிடும்.

இன்று முதலில் அல்ட்ராசவுண்ட், அடுத்து எம்ஆர்சிபி. 1991-இல் அறிமுகமான இந்த எம்ஆர்ஐ முறை எளிமையான ஓர் உண்மையில் நிற்கிறது. காந்தப் புலத்தில் திசுக்கள் தரும் சமிக்ஞை சட்டென்று மங்கிவிடும். தேங்கிய திரவத்தின் சமிக்ஞை நின்று ஒலிக்கும். திசுக்களின் சமிக்ஞை மங்கும்வரை காத்திருந்து கருவி பதிவு செய்கிறது. கல்லீரல் கறுத்துப்போக, பித்தநீர் மட்டும் வெள்ளை வெளேரென்று எழுகிறது. உடம்பில் இருக்கும் பித்தநீரே டையின் வேலையைச் செய்துவிடுகிறது! கதிர்வீச்சும் இல்லை.

ஆனால் குழந்தை அசையக் கூடாது. கைக்குழந்தைக்குப் பாலூட்டி, துணியில் சுற்றித் தூங்கவைத்தே எடுத்துவிடலாம். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். நாளம் மிக மெல்லியதாக இருந்தால், இரு நாளங்களும் சுவருக்கு வெளியே சேரும் அந்தத் தவறான சந்திப்பு படத்தில் தப்பிவிடவும் கூடும்.

பித்தநாளம் அடைபட்டே பிறக்கும் சிசுக்களின் நிலை வேறு. அங்கே ஸ்கேன் சந்தேகத்தை வலுப்படுத்தும். முடிவைச் சொல்வது பெரும்பாலும் அறுவை மேசையில் எடுக்கும் படம்தான். ஜப்பானின் டாக்டர் கசாய் வகுத்த அறுவை சிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூடுதல். ஆகவே, பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்தாலோ, மலம் வெளுத்திருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு சிசுவின் பெற்றோருக்கும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வண்ண அட்டை தருகிறார்கள்.