ஓட்டக்காரரின் இதயத்துக்கு அப்லேஷன்

நிதான வேகத்தில் ஓடும்போதே கைக்கடிகாரத்தில் துடிப்பு 140-லிருந்து 190-க்குத் தாவுகிறது. தினமும் ஏறும் மேட்டில் மூச்சு வாங்குகிறது. கடிகாரம்தான் தப்பாகக் காட்டுகிறது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். சில சமயம் அப்படியும் இருக்கலாம். ஆனால் இது அடிக்கடி வந்தால், துடிப்பு தாறுமாறாக இருந்தால், ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் துடிப்புக் கோளாறு அதில்தான் உறுதியாகும்.

ஓடுகிறவருக்கா இந்த நோய்? மிதமான ஓட்டம் இதயத்தைக் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பல ஆண்டுகள் நீளும் கடும் பயிற்சியின் கதை வேறு. சுவீடனில் 90 கி.மீ. வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட 52,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அதிக முறை போட்டியை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இக்கோளாறு கூடுதலாக இருந்தது.

பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை அடக்கும். கூடவே ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் ஓட்டக்காரர்கள் பலர் அப்லேஷன் சிகிச்சையைப் பற்றிக் கேட்கிறார்கள். தாறுமாறான துடிப்பைத் தூண்டும் மின்பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஐசாகேர் குழுவினர் 1998-இல் காட்டினார்கள். சிகிச்சையின் அடிப்படை அதுவே. தொடையிடுக்குச் சிரை வழியாகக் கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரைத் துளைத்து இடது மேலறைக்குப் போகிறார்கள். நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டோ உறைய வைத்தோ தழும்பு வேலி போடுகிறார்கள். அந்தத் தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது. இப்போது நொடிக்கும் குறைவான மின்துடிப்புகளால் செய்யும் முறையும் பரவிவருகிறது.

தொடையில் துளையிட்ட இடம் ஆறும்வரை, பொதுவாக ஒரு வாரமாவது, ஓட்டமும் பளு தூக்குவதும் கூடாது. அதன் பிறகு நடை, மெல்லோட்டம், மருத்துவர் சொன்ன பிறகே வேகம். முதல் இரண்டு மூன்று மாதங்களில் துடிப்பு மறுபடி தடுமாறலாம். சுட்ட இடத்தின் வீக்கமும் அதற்குக் காரணமாகலாம் என்பதால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று அப்போதே முடிவு கட்டவேண்டாம். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். துடிப்பு சீராகிவிட்டது என்று நினைத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது மிக ஆபத்து, பக்கவாதம் வரலாம்.

ஓட்டக்காரரை மிகவும் கலங்கடிப்பது இன்னொன்று. சிகிச்சைக்குப் பின், ஓய்வில் 50 இருந்த நாடித்துடிப்பு 60-ஐத் தாண்டி நிற்கலாம். உடல்திறன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நுரையீரல் சிரைகளின் அருகேயுள்ள, துடிப்பை மெதுவாக்கும் நரம்பு முடிச்சுகளையும் சூடு தொட்டிருக்கலாம். இது மாதக்கணக்கில் நீடிக்கலாம். இந்த எண்ணைப் பார்த்துப் பயிற்சியைக் கூட்டுவது வீண்.

அரிதான ஆபத்து ஒன்று உண்டு. உணவுக்குழாய் இடது மேலறையை ஒட்டியே போகிறது. சூட்டால் அங்கே புண் ஏற்பட்டுத் துளை விழுந்தால், அது தெரிய வாரக்கணக்காகும். சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், அப்லேஷன் செய்துகொண்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதால், முதலில் எடுக்க வேண்டியது சி.டி. ஸ்கேன்.