ஊர் கடந்து உடல் காப்போம் – 7: பாதம் பத்திரம்

மலேசியாவின் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்தில் லண்டனுக்குப் பெட்டி கட்டும் பெற்றோர் இன்று நிறையப் பேர். பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக ஐரோப்பாவில் கால் வைக்கிறார்கள். கிளம்பும் முன் சொந்தபந்தங்கள் சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் திருடனைப் பற்றியது. அதுவும் வேண்டியதுதான். லண்டன் நடைபாதையில் நின்று கைப்பேசி பார்த்தால் சைக்கிளில் வருகிறவன் பறித்துக்கொண்டு போவான். பாரிஸ் மெட்ரோ நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நம்மவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஊரிலிருந்தே கூடவே வருகிறது. அது இனிப்புநீர், அதாவது நீரிழிவு.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கும் மேல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. மூன்று இனங்களில் நமக்குத்தான் அதிகம். ஆகவே விமானம் ஏறும் பெற்றோரில் எத்தனை பேர் மாத்திரையோடும் ஊசியோடும் ஏறுகிறார்கள் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பயண ஆயத்தத்துக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1899இல் மருத்துவர் பேட்ரிக் மேன்சன் லண்டனில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நம் பகுதி நாடுகளுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் காய்ச்சலில் சாகாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கொய்னா, கொசுவலை, கொதித்த நீர் என்று ஆயத்தத்தோடுதான் துரைமார்கள் வந்தார்கள். எதிர்த்திசையில் போகும் நம் அப்பா அம்மாவுக்கும் அந்த அளவு ஆயத்தம் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பாதம். இங்கே கடைக்குப் போவதென்றாலும் மோட்டாரோ காரோதான். அங்கே ரயில் நிலையப் படி ஏறி இறங்கி, அருங்காட்சியகம் சுற்றி, நாள் முழுக்க நடை. ஊரில் சிலிப்பரிலேயே பழகிய காலில் புதுச் சப்பாத்து கடித்தால் வலிக்க வேண்டும். வருடக்கணக்காக இனிப்புநீர் உள்ள காலுக்கு அந்த வலி தெரியாமலே போகலாம். கொப்புளம் உடைந்து, புண்ணாகி, ஊர் திரும்பும்போது விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். சப்பாத்தை ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள். இரவில் விடுதிக்கு வந்ததும் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கைத் துடைத்து, சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். காலுறையில் ஈரக்கறை தெரிந்தாலே போதும், மறுநாள் நடையை நிறுத்துங்கள். குளிருக்கு ஹீட்டர் பக்கத்தில் கால் நீட்டவே கூடாது. சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும். பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேர் கோடையில் தெருவில் வரும்போதும் வெறுங்காலோடு பின்னால் நடக்காதீர்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதிகம் நடந்தால் சர்க்கரை சட்டென இறங்கவும் செய்யும். இன்சுலினோ கிளிக்ளசைடு மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் வைத்திருங்கள். குளிர் ஊரில் காரணமில்லாமல் வேர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள்.

இன்சுலினைக் கையில் எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். சரக்கறையில் போகும் பெட்டியில் அது உறைந்துபோகலாம்; உறைந்தது இளகினாலும் உதவாது. அரசாங்கக் கிளினிக்கில் தரும் பிளாஸ்டிக் பொட்டலத்தில் 'டுவா பிஜி, செஹாரி டுவா காலி' (இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை) என்று மலாயில்தான் இருக்கும். லண்டன் மருந்துக்கடைக்காரருக்கு அது புரியாது. நோய், மருந்து, அளவு, ஊசி எல்லாம் எழுதி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையச் சோதனையிலும் அது கைகொடுக்கும்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். இங்கே இரவு பத்து மணி என்றால் கோடையில் லண்டனில் பிற்பகல் மூன்று. மேற்கே பறக்கும் அன்று நாள் ஏழு மணி நேரம் நீளும். ஊசியை எப்போது போடுவது என்று அம்மாவை விமானத்தில் யோசிக்க விடக் கூடாது.

பாரிஸ் போகிறவர்களுக்கு இன்னொன்று. நமக்கும் லண்டனுக்கும் வண்டி இடப்பக்கம்; பாரிஸில் வலப்பக்கம். சாலையில் இறங்கும்போது பழக்கத்தில் வலப்பக்கம் பார்ப்போம், வண்டியோ இடப்பக்கமிருந்து வரும்.

உயிருக்கு ஆபத்தென்றால் லண்டனில் 999, ஐரோப்பா முழுதும் 112. அவ்வளவு அவசரமில்லாத ஆலோசனைக்குப் பிரிட்டனில் 111. அந்த எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அங்கே அவசரப் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. வார்டில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பயணிக்கு வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. அதனால் பயணக் காப்புறுதி வாங்கும்போது இனிப்புநீரை மறைக்காதீர்கள். அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)