பெயரோடு வரும் செய்தியும் மொட்டைச் செய்தியும்

மொட்டைக் கடிதம் நம் கிராமங்களுக்குப் புதியதல்ல. வரப்புத் தகராறு வந்தாலும், சங்கத்தில் உரம் பங்கிடுவதில் குறை கண்டாலும், கையெழுத்தில்லாத தாள் ஒன்று தாலுகா அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதுண்டு. அதைப் படிப்பவர் ஒருவர் அல்லது இருவர்தான். இன்று அதே தாள் கைபேசி வழியாக வருகிறது. ஒரு மணி நேரத்தில் பல நூறு வீடுகளுக்குப் போய்விடுகிறது. உழவர் குழு, பாசனக் குழு, ஊர்க்குழு என்று ஆளுக்கு நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் இக்காலத்தில், பேசுபவர் தம் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டுமா, மறைத்துப் பேசலாமா என்ற கேள்வி நம் வாசலுக்கே வந்துவிட்டது.

இதன் விளைவு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2018 மே மாதம் சென்னையிலிருந்து கோயில் வழிபாட்டுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் சென்ற குடும்பம் ஒன்று அத்திமூர் அருகே நின்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டவர்கள் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று எண்ணி அடித்தனர். மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முந்தைய நாட்களில் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாகக் குரல் செய்திகள் வட மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் பேசியவர் யார் என்பது அவற்றைக் கேட்டவர் எவருக்கும் தெரியாது. அடித்தவர்களில் பலர் நம்மைப் போன்ற உழவர்களும் தொழிலாளர்களுமே.

நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி

அதே 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு மனுக்கள் தாக்கலாயின. சமூக ஊடகக் கணக்கு ஒவ்வொன்றையும் ஆதார் போன்ற அரசு அடையாளத்தோடு இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதாரின் பயன்பாட்டுக்கு எல்லை வகுத்துத் தீர்ப்பளித்ததால் அந்த வழி அடைபட்டது. எனவே, தீய செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு வழக்கு திரும்பிற்று.

இவ்விடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவுக்குள் யாரும் முழுக்க மறைந்திருப்பதில்லை. உங்கள் எண் குழுவினர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் உங்கள் செய்தியை ஒருவர் வேறு குழுவுக்கு அனுப்பிய கணமே உங்கள் பெயரும் எண்ணும் கழன்று போகின்றன. செய்தி மட்டும் போகிறது. ஆகவே சொந்த ஊரில் உண்மையைச் சொல்ல அஞ்சுபவருக்கு இங்கே மறைவு இல்லை; பொய்யைக் கிளப்பிவிடுபவருக்கோ மறைவு இருக்கிறது. நெல்லைக் கொட்டிவிட்டுப் பதரைச் சலித்து வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

அடையாற்றை ஒட்டியுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் காமகோடி 2019இல் நீதிமன்றத்துக்கு ஒரு யோசனை அளித்தார். (பின்னர் 2022இல் அவரே அக்கழகத்தின் இயக்குநரானார்.) எழுதுபவர் தம் செய்தியைப் பிறர் மேலும் அனுப்பலாமா, கூடாதா என்று குறித்துவிடலாம், அனுப்பலாம் என்றால் அவரது எண் அச்செய்தியோடு கூடவே செல்லும். அந்த எண்ணைப் பூட்டி வைத்து, நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டும் நிறுவனம் திறந்து காட்டவும் செய்யலாம். விதைப் பையில் சான்று அட்டை கட்டுவதைப் போன்றது என்று கொள்ளலாம்.

மும்பையிலுள்ள அதே வகைக் கழகத்தின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதற்கு மறுப்புத் தெரிவித்தார். செயலியைத் திருத்தத் தெரிந்த ஒருவன் தன் எண்ணுக்குப் பதிலாகப் பிறர் எண்ணை ஒட்டிவிட முடியும். அப்போது குற்றம் செய்யாதவர் அகப்படுவார், செய்தவன் தப்புவான் என்றார். போலி அட்டை கட்டிய விதையை வாங்கி ஏமாந்த உழவர்களுக்கு இந்த மறுப்பை விளக்கத் தேவையில்லை. வழக்கு 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், பெரிய செய்தி நிறுவனங்கள் ஆணையின் பேரில் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்றன. வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அதே விதிகளில், விரும்புவோர் தம் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வசதி தர வேண்டும் என்றும் உள்ளது. கட்டாயம் இல்லை.

கட்டாயமாக்கிப் பார்த்த நாடு தென்கொரியா. 2007 முதல் அங்கே பெரிய இணையத் தளங்களில் உண்மை அடையாளம் காட்டியே எழுத முடியும் என்று சட்டம் இருந்தது. 2011இல் ஒரு நிறுவனத்திடமிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. சட்டவிரோதப் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று.

வெள்ளத்தின்போது கண்டது

2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரி நீர் அடையாற்றில் பெருகி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகள் மூழ்கின. அந்நாட்களில் இரண்டு வகைச் செய்திகள் சுற்றின. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்பது ஒன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனம் 250 செ.மீ. மழை பெய்யும் என்று எச்சரித்ததாக இன்னொன்று. இரண்டும் பொய், இரண்டுக்கும் சொந்தக்காரர் இல்லை. மற்றொரு வகை, மாடியில் சிக்கியவர்கள் பெயர், தெரு, எண் கொடுத்துக் கேட்ட உதவி. அதனால் பிழைத்தவர் பலர். ஆயினும் தேதி போடாத காரணத்தால், மீட்கப்பட்ட பிறகும் அச்செய்திகள் சுற்றிக்கொண்டே இருந்தன. பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் இதில் காண்கிறோம்.

மழையைப் பற்றி மக்கள் அப்போது யாரை நம்பினர்? நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் ரமணனை நம்பினர். பள்ளி விடுமுறைக்காக அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளை மறக்க முடியுமா! கூடவே, ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட பிரதீப் ஜானையும் நம்பினர். இவரைப் பெரும்பாலோர் பட்டப்பெயரால்தான் அறிந்திருந்தனர். என்றாலும் நேற்றுச் சொன்னது பலித்ததா என்று இன்று பார்க்க முடிந்தது. கல்கி, சுஜாதா என்ற புனைபெயர்களும் அப்படியே. ஒரே பெயரில் தொடர்ந்து பேசி, சொன்னதற்குப் பொறுப்பேற்பவரின் பெயர் பிறப்புப் பதிவேட்டில் உள்ளதா என்பது அவ்வளவு முக்கியமல்ல என்பது எம் கருத்து. தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்று அழைத்தார்கள். செய்தி எங்கிருந்து வந்தது என்பதே அந்த நெல்லுக்குப் பெயராயிற்று.

மறைவு தேவைப்படும் இடம்

பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்று எல்லோரையும் கட்டாயப்படுத்தினால் முதலில் வாயடைத்துப் போகிறவர் யார்? குத்தகை நிலத்தில் பயிரிடுபவர், மருந்துக் கடையில் கடன் வைத்திருப்பவர், ஊர்க்குழுவில் தனியாக உள்ள பெண். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு கேட்கிறார்கள் என்று எழுதினால் அடுத்த முறை தம் நெல்லில் ஈரப்பதம் அதிகம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் பொய்யானதல்ல.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதித் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதமோ பெயரோடு பல மேசைகளுக்குப் போயிற்று. 2003 நவம்பரில் அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்று பின்னர் நீதிமன்றத்தில் முடிவானபோதிலும், அந்த அதிர்ச்சியால் 2004இல் மத்திய அரசு ஒரு ஏற்பாடு செய்தது. தேசிய வங்கி, இந்திய உணவுக் கழகம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் நடக்கும் ஊழல் பற்றி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் செயலருக்கு மூடிய உறையில் எழுதலாம். உறையின்மேல் அனுப்புநர் பெயர் கூடாது. உள்ளே பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஆணையம் அதை மறைத்து வைக்கும். மொட்டை மனுவை ஏற்காது. மாநில அரசு ஊழியர் மீதான புகாருக்கு இவ்வழி பொருந்தாது.

நம் குழுக்களில் செய்யத்தக்கவை

இதே முறையை ஊர்க்குழுவிலும் கையாளலாம். சொல்ல அஞ்சும் உறுப்பினர் நம்பிக்கையான ஒருவரிடம் தம் பெயரைச் சொல்லட்டும். அவர் விசாரித்துத் தம் பெயரில் குழுவில் வெளியிடட்டும்.

பயிர்ப் பாதுகாப்புச் செய்திக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்லும் குரல் செய்தியில் சொன்னவர் பெயர், அலுவலகம், தேதி, பயிர் ஆகிய நான்கும் இல்லையேல் தெளிப்பானைத் தூக்காதீர்கள். மருந்துப் புட்டியின் அட்டையில் உங்கள் பயிர் குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி காணப்பட்டால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். நீங்கள் சந்தேகம் கேட்கும்போது ஊர், இரகம், பயிரின் வயது, படம் எடுத்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு, பட்டா நகல் ஆகியவற்றைக் குழுவில் போடாதீர்கள்.

ஐயமிருந்தால் 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையக் கட்டணமில்லா எண்ணில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். பதில் சொல்பவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.