சாலை முடியும் இடத்தில் தஞ்சோங் டாவாய்

நம் நாட்டில் வசந்தம் ஏது என்பவர்கள் மார்ச் மாதம் கெடா பக்கம் வரட்டும். இலை கொட்டிய ரப்பர் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்த்து நிற்கும். அந்தப் பருவத்தில்தான் நானும் என் கணவரும் கேம்பர் வேனில் சுங்கைப்பட்டாணியிலிருந்து புறப்பட்டோம்.

முதலில் மெர்போக். குனோங் ஜெராய் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை ஒட்டி புக்கிட் பத்து பஹாட் சண்டி. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரத்தின் மண் இது. ஆனால், 11ஆம் எண் சண்டியை இனி யாரும் பார்க்க முடியாது. 2013இல் நில மேம்பாட்டுக்காக இடித்துவிட்டார்கள். எஞ்சியவற்றையாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

மதியம் தஞ்சோங் டாவாய். எங்கும் நெத்திலி காயும் வாசம். கருவாடும் பெலாச்சானும் வாங்கினால் இறுகக் கட்டுங்கள். வேனில்தானே தூங்க வேண்டும்!

சாலை மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் முடிகிறது. எதிரே பந்தாய் மெர்டேக்கா. படகில் சில நிமிடம்தான். வேனில் போனால் சுங்கைப்பட்டாணியைச் சுற்ற வேண்டும். வேனை நிறுத்திவிட்டுப் படகேறினோம்.

அக்கரையில், சற்றுத் தள்ளி கோத்தா கோலா மூடா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சிதைந்த படகுகளை அங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். கரையோரம் இரவு தங்குவதாக இருந்த நாங்கள், படகில் திரும்பியதும் பேசாமல் ஜெராய் பக்கம் வேனைத் திருப்பினோம்.